90 முதியவர்களில் எத்தனை பேருக்கு மறதிநோய்?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் சொல்லிக்கொள்கிறேன். சென்னையில் 140 வீடுகள் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் நலச் சங்கத்துக்கு நீங்கள் செயலாளர். 60 வயதைக் கடந்தவர்கள் சுமார் 90 பேர் இருக்கிறார்கள். இந்தியாவில் அந்த வயதினரில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் டிமென்ஷியா என்னும் மறதிநோய் இருக்கிறது என்று படித்திருக்கிறீர்கள். அப்படியானால் உங்கள் வளாகத்தில் ஆறேழு பேராவது இருக்க வேண்டும். உங்களுக்கோ ஒருவரைக்கூடத் தெரியவில்லை. கணக்கு தவறா, நகரத்தில் இது அதிகமா குறைவா, தாத்தா பாட்டி காலத்தில் இல்லாத நோய் இப்போது எப்படி வந்தது, நினைவாற்றல் பரிசோதனை முகாம் ஒன்று நடத்தலாமா என்று கேட்கிறீர்கள். கடைசியில், 71 வயதாகும் அம்மா சில மாதங்களாகச் சாவியை வைத்த இடம் மறந்து தேடுகிறார் என்று ஒற்றை வரி. அந்த வரியை மறக்க மாட்டேன். ஆனால் எண்ணிக்கைக் கேள்வியையும் தள்ளிவிடப் போவதில்லை. அம்மாவுக்கான பதிலில் பாதி அதற்குள்தான் இருக்கிறது.

நான் மருத்துவ உளவியலாளர். மருந்து எழுதுவது என் வேலை அல்ல; நினைவையும் அறிவாற்றலையும் சோதித்து, குடும்பத்தாரிடம் பேசி, மருத்துவருக்கு அறிக்கை எழுதுவது என் வேலை. நினைவாற்றல் சிகிச்சைப் பிரிவில் 18 ஆண்டுகள். அதற்கு முன் இரண்டு ஆண்டுகள், சென்னையின் வெவ்வேறு பகுதிகளில் வீடு வீடாகப் போய் முதியவர்களைக் கணக்கெடுத்த குழு ஒன்றில் இருந்தேன். உங்கள் கேள்விக்கு அந்த இரண்டு ஆண்டுகள்தான் அதிகம் உதவும்.

நீங்கள் படித்த எண் சரியானதே. நாடு தழுவிய முதுமை ஆய்வான லாசியின் ஒரு கிளையாக, 60 வயதைக் கடந்த 4,096 பேரை விரிவாகச் சோதித்து, 2023இல் முடிவு வெளியிட்டார்கள். அதன்படி 7.4 சதவீதம் பேருக்கு மறதிநோய். நாடு முழுவதும் ஏறத்தாழ 88 லட்சம் பேர். பெண்களில் 9 சதவீதம், ஆண்களில் 5.8 சதவீதம். உங்களுக்கு முக்கியமானது இதற்கு அடுத்த வரி: கிராமங்களில் 8.4 சதவீதம், நகரங்களில் 5.3 சதவீதம். நகர வாழ்க்கையின் பரபரப்பால் வரும் நோய் என்று பலர் நம்புவதற்கு நேர்மாறாக இருக்கிறது, பாருங்கள். 5.3 சதவீதத்தை உங்கள் 90 பேருக்குப் போட்டால் ஐந்து பேர் வரும். அதிலும் வயதைப் பார்க்க வேண்டும். இந்த நோய் 60க்கு மேல் எல்லோருக்கும் சமமாகப் பரவியிருப்பதில்லை. ஏறத்தாழ ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிக்கொண்டே போகிறது. உங்கள் வளாகத்தில் பெரும்பாலோர் அண்மையில் ஓய்வுபெற்ற 60களில் இருப்பவர்கள் என்றால் இரண்டு மூன்று பேராக இருக்கலாம். 80ஐக் கடந்தவர்கள் நிறைய இருந்தால் ஐந்தையும் தாண்டலாம். சங்கப் பதிவேட்டில் வயது இருக்குமானால், மொத்த எண்ணிக்கையைவிட 80 கடந்தவர்களின் எண்ணிக்கையைப் பாருங்கள்.

ஒரே ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டு எழுந்துபோக எனக்கு மனம் வரவில்லை. நம் நகரங்களில் எடுத்த கணக்குகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. கொச்சியில் 65 வயதைக் கடந்த 1,934 பேரைப் பார்த்த ஆய்வு, 2005இல் வெளியானது, ஆயிரத்துக்கு 33.6 பேர் என்றது. திருவனந்தபுரத்தில் அதே வயதினரிடம் கிட்டத்தட்ட நூற்றுக்கு ஐந்து. கொல்கத்தாவில் 60 கடந்தவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை என்று ஒரு பெரிய கணக்கெடுப்பு சொன்னது. கொல்கத்தாக்காரர்களின் மூளை மட்டும் தனியாக வார்க்கப்பட்டது அல்ல. கேட்ட விதம் வேறு, கேட்ட ஆள் வேறு, எதை நோய் என்று கொள்வது என்ற வரையறையும் வேறு.

வரையறை எவ்வளவு தூரம் ஆட்டிவைக்கும் என்பதற்குச் சென்னையே சாட்சி. பத்து-பை-அறுபத்தாறு என்றொரு ஆய்வுக் குழு உண்டு. அது தொடங்கிய காலத்தில், மறதிநோய் உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், அதாவது நூற்றுக்கு 66 பேர், வளரும் நாடுகளில் இருந்தார்கள். ஆராய்ச்சியிலோ பத்து சதவீதம்கூட அவர்களைப் பற்றியதாக இருக்கவில்லை. அந்த ஆதங்கத்தையே பெயராக வைத்துக்கொண்ட குழு. இந்தியாவில் அவர்கள் தேர்ந்தெடுத்த இடங்கள் இரண்டுமே தமிழ்நாட்டில்: நகரத்துக்குச் சென்னை, கிராமத்துக்கு வேலூர்ப் பகுதி. 2008இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. 65 வயதைக் கடந்த அதே சென்னைவாசிகளை, அமெரிக்க மனநல மருத்துவர்களின் டிஎஸ்எம் வரையறைப்படி அளந்தால் நோய் ஒரு சதவீதத்தை ஒட்டியே நின்றது. கல்வியும் பண்பாடும் குறுக்கிடாதபடி அந்தக் குழுவே உருவாக்கிய முறையில் அளந்தால் 7.5 சதவீதம். வேலூர்க் கிராமங்களில் இடைவெளி இன்னும் பெரிது: டிஎஸ்எம் முறையில் 0.3 சதவீதம், குழுவின் முறையில் பத்துக்கும் மேல். ஆட்கள் அதே ஆட்கள்.

ஏன் இப்படி? டிஎஸ்எம் வரையறையில் ஒரு நிபந்தனை உண்டு: நினைவு குறைந்தால் போதாது, அதனால் அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட்டிருக்கவும் வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவர்கள் வீட்டார். கணக்கெடுப்புக் காலத்தில் ஒரு வீட்டில் மருமகளிடம் கேட்டேன்: "மாமியாருக்கு அன்றாட வேலைகளில் ஏதாவது சிரமம் உண்டா?" "ஒன்றும் இல்லை மேடம், வயதுக்கு நன்றாகவே இருக்கிறார்கள்" என்றார். நாங்கள் பேசிக்கொண்டிருந்த அரை மணி நேரத்தில் அந்தப் பாட்டி மூன்று முறை வந்து, முதல் முறை கேட்பதுபோலவே, "காபி சாப்பிடுகிறாயா அம்மா?" என்று கேட்டார். சமையலறையில் கண்ணை ஓட்டினேன். எரிவாயு சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றி அலமாரியின் மேல்தட்டில், பாட்டிக்கு எட்டாத உயரத்தில் வைத்திருந்தார்கள். ஏன் என்றேன். "இரண்டு தடவை அடுப்பைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்துவிட்டார்கள். அதனால் சமையல் இப்போது நான்தான். பென்ஷன் விஷயம் என் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார். குளிக்கப் போகும்போது புடவையை நான் எடுத்து வைத்துவிடுவேன். சிரமம் ஒன்றும் இல்லை." அவர் பொய் சொல்லவில்லை. சிரமம் பாட்டியிடமிருந்து மருமகளின் கைக்கு மாறிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் என் படிவத்தில் 'இல்லை' என்ற கட்டத்தில்தான் குறியிட வேண்டியிருந்தது. நம் ஊரில் வரும் எண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மேல்தட்டு ரெகுலேட்டர்தான் நினைவுக்கு வருகிறது.

தவறு எதிர்ப்பக்கமும் நேரும். உலகெங்கும் புழங்கும் 30 மதிப்பெண் சோதனை ஒன்றில் தேதி, மாதம், ஆண்டு கேட்க வேண்டும். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்ல வேண்டும். ஒரு வாக்கியம் எழுதச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடமே போகாத ஒரு காய்கறிக்கார அம்மாவிடம் தேதி கேட்டேன். "ஆடிக் கிருத்திகை முடிந்து இரண்டாம் நாள்" என்றார். நாட்காட்டியைப் பார்த்தேன், துல்லியமாகச் சரி. ஆனால் படிவம் ஆங்கிலத் தேதியை மட்டுமே ஏற்கும். ஏழு கழிக்கச் சொன்னால் விழித்தார். "37 ரூபாய்க்குக் காய் வாங்கிக்கொண்டு 100 ரூபாய் கொடுத்தால் எவ்வளவு மீதி தருவீர்கள்?" என்று கேட்டதும், நான் கேட்டு முடிப்பதற்குள் "63" என்றார். இவர் தாளில் நோயாளி. அதே வாரம் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் 30க்கு 28 வாங்கினார். நான் கிளம்பும்போது அவர் மனைவி வாசல்வரை வந்து, ஒரே மின் கட்டணத்தை அவர் மூன்று முறை கட்டிவிட்டதாகத் தாழ்ந்த குரலில் சொன்னார். இவர் தாளில் ஆரோக்கியமானவர். இதனால்தான் நல்ல ஆய்வுகள் முதியவரிடம் ஒரு பேட்டி, வீட்டாரிடம் தனியாக ஒரு பேட்டி என்று இரண்டையும் வைத்துக்கொள்கின்றன.

நகரத்தில் ஏன் குறைவாகக் காண்கிறது என்பதற்கு இப்போது வரலாம். இதில் உறுதியானது ஒன்று, விவாதத்துக்குரியது ஒன்று. பள்ளிப் படிப்பு இளமையிலேயே மூளைக்கு ஒரு சேமிப்பைத் தருகிறது, அதனால் நோயின் வெளிப்பாடு தள்ளிப்போகிறது என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்ப உறுதியானது. நம் நகரத்து முதியவர்கள் கிராமத்தாரைவிட அதிகம் படித்தவர்கள். பெண்களிடம் நோய் அதிகமாகக் காண்பதிலும் அந்தத் தலைமுறைப் பெண்களுக்குப் படிப்பு மறுக்கப்பட்டதற்குப் பங்கு உண்டு. விவாதத்துக்குரியது இது: அந்த வேறுபாட்டில் எவ்வளவு உண்மையான பாதுகாப்பு, எவ்வளவு படித்தவருக்குச் சாதகமான சோதனைத் தாளின் விளையாட்டு? இரண்டும் கலந்திருக்கிறது என்பது என் எண்ணம். எந்த விகிதத்தில் என்பதில் துறைக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை.

இந்த நகரச் சாதகம் நீடிக்கும் என்று நான் நம்பவில்லை. இது ஆய்வு முடிவு அல்ல, என் கணிப்பு. கொச்சி ஆய்வில் நோயாளிகளில் 54 சதவீதம் அல்சைமர் வகை. 39 சதவீதம் மூளை ரத்தக்குழாய்கள் பழுதாவதால் வரும் வகை. இந்த இரண்டாவது வகைக்கு உரம் போடுபவை உயர் ரத்த அழுத்தமும் சர்க்கரையும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023இல் சொன்னபடி, நகரத்தில் வயது வந்தவர்களில் 16.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய், கிராமத்தில் 8.9 சதவீதம். இன்று 50 வயதில் மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டு அலையும் நகரத்துக்காரர்தான் 25 ஆண்டு கழித்து எங்களிடம் வரப்போகிறவர்.

தாத்தா பாட்டி காலத்தில் இது இல்லை என்பதை மட்டும் ஏற்க முடியாது. ஈழத்தில் 'அறளை பெயர்ந்துவிட்டது' என்று இதற்கென்றே ஒரு சொல்வழக்கு இருக்கிறது. நம் பக்கம் 'புத்தி தடுமாறிவிட்டது', 'குழந்தை மாதிரி ஆகிவிட்டார்' என்பார்கள். பெயர் வைக்கும் அளவுக்குப் பார்த்துப் பழகிய ஒன்றுதான். அந்த வயதுவரை பிழைத்திருந்தவர்கள் குறைவு, அதனால் தெருவுக்கு ஒருவர் என்று இருந்தது. ஆள் எண்ணிக்கை பெருகுவது வேறு, ஒரே வயதில் ஒருவருக்கு வரும் அபாயம் கூடுவது வேறு. இங்கிலாந்தில் 1990களின் தொடக்கத்தில் எடுத்த கணக்கை அதே முறையில் 20 ஆண்டு கழித்து எடுத்துப் பார்த்தார்கள். 65 கடந்தவர்களில் 8.3 சதவீதம் எதிர்பார்த்த இடத்தில் 6.5 சதவீதம்தான் இருந்தது. அதிகப் படிப்பும் இதய நலமும் காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். எனக்கு இந்தத் துறையில் மிகவும் தெம்பு கொடுத்த எண் அதுதான்.

அப்படியானால் உங்கள் வளாகத்தில் இருக்கும் அந்த இரண்டு மூன்று, அல்லது ஐந்து பேர் எங்கே? கதவுக்குப் பின்னால் இருக்கிறார்கள். கிராமத்தில் வழிதவறிய பெரியவரைத் தெருவில் யாராவது கையைப் பிடித்து வீட்டில் விட்டுவிடுவார்கள், ஊருக்கே தெரியும். அடுக்குமாடியில் ஒருமுறை அப்படி நேர்ந்தாலே குடும்பம் கதவைப் பூட்டிவிடுகிறது. எங்களிடம் வந்த ஒரு பெரியவர் மூன்றாம் மாடியில் இருந்தவர். லிஃப்டிலிருந்து நான்காம் மாடியில் இறங்கி, தன் வீட்டுக்கு நேர் மேலே இருந்த வீட்டின் பூட்டில் தன் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்திருக்கிறார். எல்லா மாடியிலும் ஒரே நிறச் சுவர், ஒரே மாதிரிக் கதவு. மேல்வீட்டுக்காரர்கள் திருட்டு முயற்சி என்று சங்கத்தில் புகார் கொடுத்துவிட்டார்கள். மகன் வெட்கத்தில் அப்பாவை அதன்பின் கீழே இறக்கவே இல்லை. நடை நின்றது, பேச்சு நின்றது, ஆறே மாதத்தில் அவர் மிகவும் தளர்ந்துபோனார். செயலாளர் என்ற முறையில் உங்கள் மேசைக்கும் இப்படிப் புகார்கள் வந்திருக்கும். பழைய புகார்ப் புத்தகத்தை ஒருமுறை புரட்டுங்கள்: வேறு வீட்டு அழைப்புமணியை அழுத்துகிறவர், வேலைக்காரப் பெண் நகையைத் திருடினாள் என்று அடிக்கடி சொல்பவர், பராமரிப்புக் கட்டணத்தை இரண்டு முறை கட்டியவர், கட்டவே இல்லை என்று சண்டை பிடித்தவர். எல்லோருக்கும் நோய் என்று சொல்ல வரவில்லை. உங்கள் கணக்கில் விடுபட்டவர்கள் அந்தப் பக்கங்களில் இருக்கக்கூடும்.

நினைவாற்றல் முகாம் வேண்டாம் என்பதே என் கருத்து. காரணம் எளிய கணக்கு. நூற்றுக்கு 85 தடவை சரியாகச் சொல்லும் ஒரு சோதனை இருப்பதாக வைத்துக்கொள்வோம். முகாம் மேசைக்கு அது தாராளமான மதிப்பீடு. 90 பேரில் ஐவருக்கு நோய் இருந்தால் நால்வரைப் பிடிக்கும். நோயில்லாத 85 பேரில் 13 பேரையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்துவிடும். மொத்தம் 17 பேர் கலங்கிய முகத்தோடு வீடு திரும்புவார்கள். அவர்களில் 13 பேருக்கு ஒன்றுமே இருக்காது. அதுவும் அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொண்டிருக்க. அதற்குப் பதில் ரத்த அழுத்தம், சர்க்கரை, கண், காது ஆகிய நான்குக்கும் முகாம் வையுங்கள். மறதிநோய் பற்றிய லான்செட் ஆணையம் 2024இல் மாற்றக்கூடிய 14 காரணிகளைச் சொன்னது. அவற்றையெல்லாம் சரிசெய்ய முடிந்தால் உலகில் 45 சதவீதம் வரை தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாம் என்பது அதன் மதிப்பீடு. நான் சொன்ன நான்கும் அந்தப் பட்டியலில் உண்டு. குறிப்பாகக் காது. காது கேளாதவரை மறதிக்காரர் என்று அழைத்துவருவது எங்களிடம் வாராவாரம் நடக்கிறது. கூடவே, ஒவ்வொரு மாடிக்கும் வேறு நிறம் அடித்து, லிஃப்டுக்கு எதிரே மாடி எண்ணை முழ உயரத்தில் எழுதிவையுங்கள். தயங்கி நிற்கும் பெரியவரிடம் "எங்கே போகிறீர்கள்?" என்று அதட்டாமல், "வாருங்கள் ஐயா, நானும் அந்தப் பக்கம்தான்" என்று கூடவே நடக்கக் காவலாளிகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

இனி அம்மா. இங்கிருந்தபடி உங்கள் அம்மாவுக்கு நோய் உண்டு என்றோ இல்லை என்றோ நான் சொல்லக் கூடாது. யார் சொன்னாலும் நம்பாதீர்கள். சாவியை எங்கேயோ வைத்துவிட்டு, தேடி எடுத்து, "இங்கேதானே வைத்தேன்" என்று தலையில் தட்டிக்கொள்வது 71 வயதில் மிகச் சாதாரணம். நான் விசாரிக்கும் விஷயங்கள் வேறு. நாற்பது வருடமாகக் கைப்பழக்கமாகச் செய்த சாம்பார் இப்போது தாறுமாறாக வருகிறதா? பழகிய கடைக்குப் போய்த் திரும்பும்போது வழியில் திகைத்து நிற்கிறாரா? நேற்று வந்துபோன உறவினர் வந்ததையே மறந்துவிடுகிறாரா? பணக் கணக்கில் ஒருபோதும் தவறாதவர் தவறுகிறாரா? தனக்கு மறதி என்று அவரே வருத்தப்படுகிறாரா, அல்லது அவருக்கு ஒன்றும் தெரியாமல் நீங்கள் மட்டும் கவலைப்படுகிறீர்களா? பின்னது எனக்கு அதிகக் கவலை தரும். இதில் ஒன்றிரண்டுக்கு ஆம் என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் இல்லை என்றாலும், சில மாதங்களாகத்தான் இந்த மாற்றம் என்பதால், ஒருமுறை காட்டிவிடுவதில் தவறில்லை.

அப்படிப் போகும்போது பி12 வைட்டமின், தைராய்டு இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். தூக்க மாத்திரை, ஒவ்வாமை மாத்திரை உட்பட அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். மறதியை உண்டாக்கும் மருந்துகள் அந்தப் பையில்தான் பலமுறை அகப்பட்டிருக்கின்றன. அண்மையில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டிருந்தால், சின்ன அடி என்று விடாமல் சொல்லுங்கள். மண்டையோட்டுக்குள் மெல்லக் கசியும் ரத்தம் வாரக்கணக்கில் கழித்து மறதியாக வெளிப்படும், அதைச் சரிசெய்யவும் முடியும். அப்பா அண்மையில் தவறியிருந்தாலோ வேறு துக்கம் இருந்தாலோ அதையும் சொல்லுங்கள். மனச்சோர்வு முதியவர்களிடம் கண்ணீராக வராமல் மறதியாக வருவது சகஜம். கிண்டியில் 2024இல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை உங்களுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. எங்கே போவது என்று குழப்பமானால் மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

மருத்துவரைப் பார்க்கும்வரை ஒரு சிறு நோட்டில், தேதியோடு, அம்மா தடுமாறிய தருணங்களை எழுதிவாருங்கள். தடுமாறாமல் செய்தவற்றையும் எழுதுங்கள்; பேரனுக்குக் கதை சொன்னது, வட்டிக் கணக்குப் பார்த்தது, புது ரயில் நிலையத்தில் வழி கேட்டு வந்தது. அவருக்காக நீங்கள் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்ட வேலைகள் ஏதாவது இருந்தால் அவற்றுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். அந்தப் பக்கத்தை மருத்துவரிடம் முதலில் காட்டுங்கள்.